சைக்கிளில் போன நேர்த்திக்கடன்

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு ஓரிரண்டு வருஷம் முன்னால், ஒரு தை மாசம், சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் பழனிக்குச் சைக்கிளில் போனோம். போக மூன்று நாள், மலையில் ஒரு நாள், திரும்ப மூன்று நாள் என்று ஏற்பாடு. அதில் முதல் நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்ற நாட்களில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் துரத்தியதைத் தவிர.

நான் அப்போது ஒரு ஜவுளிக்கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மிஷினுக்கு வந்தவன். கால் நாளெல்லாம் மிதித்துக்கொண்டிருக்கும். தலை நாளெல்லாம் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருக்கும். துணியில் கத்திரி வைத்த பிறகுதான் அளவு சரியாக எடுத்தோமா என்று சந்தேகம் வரும். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினதும், மிஷின் பெட்டியைப் பூட்டினோமா என்று தோன்றும். திரும்ப நடந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். என் மனைவி அதற்குப் பழகிப்போய், நான் திரும்பி வந்த பிறகுதான் சோறு போடுவாள்.

அந்த வருஷம் பயப்பட உண்மையான காரணமே இருந்தது. எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. வீட்டுக்குள் நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவள் ஐப்பசி மழையில் காய்ச்சலில் விழுந்தாள். ஒன்பது நாள் காய்ச்சல். விட்டதும் பார்த்தால் கால் இரண்டும் துவண்டு கிடந்தன. தூக்கி நிறுத்தினால் துணி பொம்மை மாதிரி மடிந்து உட்கார்ந்துவிடுவாள். எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுங்கள், வரும், நாளாகும் என்றார் வைத்தியர். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு இன்னொரு புட்டி எண்ணெய் கொடுத்தார். வைத்தியர் வந்து போன அன்றிரவு பாயோரம் உட்கார்ந்து, பழனி மலைக்கு நடந்து வருவதாக நான் வேண்டிக்கொண்டேன். என் மனைவிக்கு மட்டும்தான் அது தெரியும்.

தை பிறந்ததும் சைக்கிள் பயணப் பேச்சு வந்தது. எங்கள் தெருவில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தவர்தான் தலைவர். தன் கடையிலேயே நல்லதாக ஐந்து வண்டி எடுத்து, பிரித்துப் போட்டுக் கழுவி, எண்ணெய் விட்டுத் தயார் செய்திருந்தார். எல்லாருக்கும் பச்சை வேட்டி, கழுத்தில் மாலை. செருப்புக் கிடையாது, வெறுங்காலால்தான் பெடலை மிதிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மரக்கடையில் வேலை செய்த அண்ணன் தம்பி இரண்டு பேர், நான் உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கும் ஒருவர், நான், ஆக ஐந்து பேர். துணி அளப்பவர் என் மனைவியின் ஊர்க்காரர். அந்த உரிமையில் என்னை மாப்பிள்ளை என்பார். நானும் மச்சான் என்பேன்.

நடந்து போனால் போக வர இரண்டு வாரம் ஆகும். எழுந்து நிற்காத குழந்தையையும் மனைவியையும் இரண்டு வாரம் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. சைக்கிள் என்றால் ஏழு நாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து ஆரம்பித்தது. நடந்து வருவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனால் சாமி ஏற்றுக்கொள்வாரா? ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது யார் தலையில் விழும்? என் தலையில் விழுந்தால் பரவாயில்லை. பாயில் கிடக்கிறவள் தலையில் விழுந்தால்? மனைவியிடம் கேட்டேன். அவள் குழந்தையின் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "போயிட்டு வாங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நாலு நாள் யோசித்தேன்.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். தலைவர் முன்னால், அவருக்குப் பின்னால் மரக்கடைச் சகோதரர்கள், அப்புறம் மச்சான், கடைசியில் நான். கடைசி இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னால் யாராவது வந்தால் இடித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். ஊரைத் தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் புளியமரம். சோளம் அறுத்த காடுகள் மொட்டையாகக் கிடந்தன. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பெடலின் ரப்பர் உள்ளங்காலில் ஜில்லென்றிருந்தது. நாமக்கல்லுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வண்டிக்காரர்கள் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள்; மாடுகள்தான் வழி தெரிந்து நடந்தன. தலைவர் மணி அடிப்பார். ஒவ்வொருவராக ஒதுங்கித் தாண்டுவோம். மல்லூர் வருகிறவரை நான் நன்றாகத்தான் இருந்தேன்.

மல்லூர் தாண்டினதும் முன்னால் காவடிக் கூட்டம் ஒன்று நடந்து போவது தெரிந்தது. ஆண்களும் பெண்களுமாக முப்பது பேர் இருக்கும். பொழுது கிளம்புமுன்பே நடக்க ஆரம்பித்திருப்பார்கள் போல. கணுக்கால் வரை புழுதி. நாங்கள் பக்கத்தில் போனதும் தலைவர் "அரோகரா" என்றார். அவர்களும் திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே "அரோகரா" என்றார்கள். யாரும் ஒன்றும் தப்பாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு அம்மாள் இடுப்பில் குழந்தையோடு நடந்தார். குதிகால் பிளந்து அதில் மஞ்சள் அப்பியிருந்தது. நான் அவரைத் தாண்டிச் சுகமாக உட்கார்ந்தபடி உருண்டு போனேன். அதற்கப்புறம் என்னால் மிதிக்க முடியவில்லை. இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

மச்சான் திரும்பிப் பார்த்துக் கூப்பாடு போட, நாலு பேரும் நின்றார்கள். தலைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க டெய்லரே, என்னாச்சு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "பின்னால காத்து எறங்குன மாதிரி இருக்குதுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "என்ற டியூப்புல காத்து எறங்குதா? இருக்காதுங்களே. நேத்துத்தான் பாத்தேன்."

குனிந்து டயரை அமுக்கினார். கல் மாதிரி இருந்தது. ஆனால் வண்டி ஓட்டியவன் சொல்லும்போது கடைக்காரன் மறுத்துப் பேசக்கூடாது என்பது அவர் தொழில் முறை. பக்கத்தில் ஒரு கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலோரம் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, டயரை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீரில் முக்கினார். சுற்றிச் சுற்றி முக்கினார். ஒரு குமிழி வரவில்லை. மாடு ஓட்டிக்கொண்டிருந்த விவசாயி மாட்டை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னத்தைங்க கழுவுறீங்க? ஆட்டுக்கொடலு மாதிரி இருக்குது?"

"மாலை போட்டிருக்குறோமுங்க. அப்படிச் சொல்லாதீங்க" என்றார் மரக்கடைத் தம்பி.

தலைவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. டியூபைக் காதோரம் வைத்துக் கேட்டார். எச்சில் தொட்டு வால்வில் தடவிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் திரும்ப மாட்டி, காற்றடித்து, "ஒண்ணுமில்லீங்க, ஓட்டுங்க" என்றார். அந்தக் காவடிக் கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யைத் தண்ணீரில் முக்கித் தேடின பிறகு எப்படிச் சொல்வது?

திரும்பவும் அவர்களைத் தாண்ட வேண்டியதாயிற்று. திரும்பவும் என் கால் ஓடவில்லை. இரண்டு மைல் போனதும் இறங்கிவிட்டேன். இந்தத் தடவை தலைவர் நேராக வால்வு ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினார். அவர் நெற்றியில் வியர்வை. முகத்தைப் பார்த்தால், வீட்டில் யாருக்கோ என்ன வியாதி என்றே தெரியாமல் தவிக்கிற ஆள் மாதிரி இருந்தது. எனக்கு அந்த முகம் தெரியும். ஐப்பசியிலிருந்து என் முகமே அதுதான்.

புதுச்சத்திரத்தில் ஒரு மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிச்சோறும் வறுத்த மிளகாயும். தலைவர் சாப்பிட உட்காராமல் என் வண்டியைச் சுற்றி வந்தார். அப்புறம் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"டெய்லரே, இனி என்ற வண்டியை நீங்க எடுத்துக்குங்க. அது புதுசு. உங்குளுதை நான் ஓட்டிப் பாக்குறேன். காத்து எங்க போகுதுன்னு கண்டுபுடிக்காம எனக்குச் சோறு எறங்காதுங்க."

அந்தப் புது வண்டியை அவர் யாருக்கும் தந்ததில்லை. சொந்த மைத்துனருக்கே தந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "காத்து எங்கயும் போகலீங்க அண்ணா" என்று ஆரம்பித்து, வேண்டுதலையும், சைக்கிளில் வந்த குற்றத்தையும், காவடி அம்மாளின் குதிகாலையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்து இலையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"அப்ப டியூப்புல ஓட்டை இல்லீங்களே?"

"இல்லீங்க."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவருக்கு என் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நிம்மதி பெரிதாக இருந்தது. இரண்டு ஆள் சோறு சாப்பிட்டார்.

மச்சான்தான் எனக்குத் தைரியம் சொல்ல வந்தார். எதையும் சிரிப்பாக்கிவிடுவது அவர் வழக்கம். "ஏனுங்க மாப்ளே, நீங்க போறது முருகன்கிட்டத்தான? மாம்பழத்துக்காக ஒலகத்தைச் சுத்திட்டு வாங்கன்னு அவங்கப்பன் சொன்னப்ப அவரு நடந்தா சுத்துனாரு? மயில் மேல ஏறியில்ல போனாரு! வண்டியில வாரவனைப் பாத்து அவரு எப்படிங்க கோவிச்சுக்குவாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அது நியாயம்தானே என்று நினைத்தேன். அப்போது மரக்கடை அண்ணன், சேலத்திலிருந்து அதுவரை வாயே திறக்காத மனுஷர், இலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"ஏறிப் போயித்தானுங்க பழத்தைக் கோட்டை விட்டாரு. இருந்த எடத்துலயே நடந்து சுத்துனவருக்குத்தான கெடச்சுது."

சிரிப்பு நின்றுவிட்டது. தம்பி அண்ணனை முறைத்தார். "கோட்டை விட்டதாலதான பழனிக்கே வந்து நின்னாரு. இல்லாட்டி இப்ப நாம எங்க போறது?" என்றார். அதுவும் நல்ல பதில்தான். ஆனால் அது என் காதில் ஏறவில்லை. நடந்தவருக்குக் கிடைத்தது, ஏறிப் போனவருக்குக் கிடைக்கவில்லை. பழனியின் கதையே அதுதான். சின்ன வயசிலிருந்து கேட்ட கதை. அதை நான் எப்படி இத்தனை நாள் யோசிக்காமல் இருந்தேன்?

நாமக்கல் வரை தலைவர் என்னைத் தன் பக்கத்திலேயே ஓட்ட வைத்தார். "பரமத்தி வேலூர் போயிச் சேருங்க, அங்க உக்காந்து யோசனை பண்ணிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாமக்கல் பாறை தூரத்திலேயே தெரிந்தது. வெயிலில் அது வெளுத்துப்போய், யாரோ உப்பு மூட்டையை நடுரோட்டில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கீழே நின்று ஆஞ்சநேயரைக் கும்பிட்டோம். ஊரைத் தாண்டினதும் நான் இறங்கிவிட்டேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

"நான் நடந்து வாரேனுங்க. நீங்க போங்க."

வேலூர் அங்கிருந்து பன்னிரண்டு மைல் இருக்கும். பரமத்தி தாண்டி, காவேரிக் கரையில் ஊர். தலைவர் பொழுதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க. சத்திரத்துல சோறு வாங்கி வெக்குறோம்" என்றார். மச்சான் தன் வண்டியிலிருந்து இறங்கினார். மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள். அவர்கள் கிளப்பின புழுதி அடங்குகிறவரை நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அப்புறம் ஆளுக்கொரு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

கிழக்கே கொல்லிமலை நீலமாகக் கூடவே வந்தது. கடலைக் காட்டில் பெண்கள் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். "வண்டி கெட்டுப் போச்சுங்களா சாமி?" என்று ஒருத்தி கேட்டாள். "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது, ஆளுதான்" என்றார் மச்சான். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"மாப்ளே, அந்த மயில் பேச்சை நான் எடுத்திருக்கக் கூடாதுங்க."

"நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க."

"சரி, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு வேண்டிக்கிட்டப்ப வாயில என்னன்னு சொன்னீங்க? சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்க."

"எதுக்குங்க?"

"துணி எடுக்க வாரவங்க சொல்றதை ரெண்டு தடவை கேட்டுக்காம நான் கத்திரியைத் தொடமாட்டனுங்க. சொல்லுங்க."

எனக்கு அது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருந்தது. "முருகா, பாப்பா காலூனி எந்திரிச்சு நின்னுட்டான்னா, உன்ற மலைக்கு நான் நடந்தே வாரேன்னு சொன்னேன்."

"நின்னுட்டாளா?"

"இன்னும் இல்லீங்க. அதுக்குத்தான நான்…"

மச்சான் நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

"அப்ப இப்ப எதுக்குங்க நடக்குறீங்க?"

என் வண்டி சாயப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன்.

"அவரு இன்னும் தரவே இல்லை. நீங்க அதுக்குள்ள செலுத்தக் கெளம்பிட்டீங்க. துணியே வராம பித்தானுக்குக் காஜா எடுக்குற டெய்லரை நான் இன்னிக்குத்தானுங்க பாக்குறேன்."

"அப்ப இந்தப் பயணம் என்னங்க?"

"இது போயிக் கேட்டுட்டு வாரது. கேக்கப் போறவன் சைக்கிள்ல போனா என்ன, ரயில்ல போனா என்ன? அவரு குடுத்ததுக்கப்புறம் நடங்க. ஒருத்தனும் குறுக்கே வரமாட்டான்."

அந்த ரோட்டோரத்தில் நான் எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. தைத்த துணியைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி அந்த வேண்டுதலை முன்னும் பின்னும் பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. மூன்று மாசமாக இரவும் பகலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது ஏன் தோன்றவில்லை? இப்போது யோசித்தால் தெரிகிறது. அவள் நிற்பாள், அப்புறம் நடக்கலாம் என்று காத்திருக்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. நானே முதலில் நடந்துவிட்டால் அவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எங்கேயோ உள்ளே நினைத்திருக்கிறேன். சாமியிடம் அப்படி நெருக்கடி பண்ணினேன் என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனாலும் உடனே அடுத்த கவலை வந்தது.

"அப்ப அவ நின்னதுக்கப்புறம் இன்னொருக்கா நடந்து போகோணுங்களா?"

"போகோணும்."

"ரெண்டு வாரம் ஆயிருமுங்களே?"

"அவ எந்திரிச்சு நிக்கட்டும், நீங்க ரெண்டு வாரத்தைப் பத்திப் பேசவே மாட்டீங்க" என்றார் மச்சான். இதை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். அப்புறம் பெடலில் கால் வைத்தார். "ஏறுங்க. சோறு ஆறிப் போயிரும்."

ஏறினேன். வெயில் தாழ்ந்திருந்தது. பரமத்திப் பக்கம் வந்ததும் காற்றில் ஈரம் தெரிந்தது. வாழைத் தோட்டங்கள் ஆரம்பித்தன. வாய்க்கால்களில் தண்ணீர் ரோட்டோடு கூட ஓடியது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். அவர் ஏதோ காவடிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நான் என் பின்சக்கரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். நல்ல சத்தம், ஒரே சீராக இருந்தது. அந்த ஐப்பசிக்கு அப்புறம் நான் எதையும் நினைக்காமல் போன தூரம் அந்த ஏழெட்டு மைல்தான்.

வேலூர் சேரும்போது விளக்கு ஏற்றியிருந்தார்கள். சத்திரத்து வாசலில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். நான் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், "ஏனுங்க, நடக்கலீங்களா?" என்றார்.

"இப்ப இல்லீங்க அண்ணா. அப்புறம்."

அவர் குனிந்து என் டயரை அமுக்கிப் பார்த்தார். எனக்காக எடுத்து வைத்திருந்த சோற்றை மரக்கடை அண்ணனே கொண்டுவந்து வைத்தார். ஏதோ சொல்ல வந்தவர், தம்பி பார்த்த பார்வையில் பேசாமல் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை பரிசலில் சைக்கிளை ஏற்றி ஆற்றைக் கடந்தோம். பழனியில் மலை ஏறினேன். சன்னிதியில் நின்று, "இப்பக் கேக்கத்தான் வந்தேன்" என்று தெளிவாக, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

பங்குனி பாதியில் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட வந்த நேரம், கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஏனுங்க, புள்ள நிக்குதுங்க!"

நான் அங்கேயே நின்றுவிட்டேன். "தானா நிக்குதா? எதையாச்சும் புடிச்சுக்கிட்டு நிக்குதா?"

"கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

"புடிச்சுக்கிட்டு நின்னா அது நின்ன மாதிரி ஆகுமா? காலூனித்தான் நிக்குதா? நான் என்ன சொல்லி வேண்டிக்கிட்டேன்னா…"

அவள் வாசலுக்கே வந்து என் ஈரக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதை அப்புறம் யோசிக்கலாம். மொதல்ல உள்ள வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன்.